அந்த மறுபோட்டி நடந்திருந்தால்...?

 

2025-ஆம் ஆண்டு ரமழானின் கடைசிப் பத்து தொடங்கியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள நமதூரில், தராவீஹ் முடிந்ததும் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் கூட்டம் சேர்வது வழக்கம். ஓர் இரவு நாம் அவ்வழியே வந்தபோது அங்கே குரல்கள் உயர்ந்திருந்தன. பிறை பற்றிய சர்ச்சையோ, ஜமாஅத் நிர்வாகம் பற்றிய பேச்சோ என்று எண்ணியே நெருங்கினோம். இரண்டும் இல்லை. ஜார்ஜ் ஃபோர்மேன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மார்ச் 21 அன்று தம் 76-ஆம் வயதில் காலமான செய்தி எல்லோருடைய கைப்பேசியிலும் வந்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய கேள்வி இதுதான்: முஹம்மது அலியும் ஃபோர்மேனும் இரண்டாம் முறை மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்?

"ஹஜ்ரத், நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லிட்டுப் போங்க. இவன் ஃபோர்மேன்தான் ஜெயிச்சிருப்பாருன்னு சாதிக்கிறான்" என்றார் பொறியியல் படிக்கும் இளைஞர். எதிரில் நின்றவர் கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் அவருடைய நண்பர். இருவரும் நம் மத்ரஸாவில் ஒரே பாயில் அமர்ந்து அலிஃப், பே ஓதியவர்கள். "அலி நம்ம ஆளுங்கிறதுக்காக எல்லா சண்டையிலயும் ஜெயிச்சிருவாரா, ஹஜ்ரத்?" என்றார் அவர். மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரோ, "நான் அலியை மதராஸ்ல நேர்ல பார்த்தவன்டா தம்பி, என்கிட்டக் கேளுங்கடா" என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

அன்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவும் இல்லை. அது பற்றி எழுத வேண்டிய கடமை நமக்கு உண்டு என்று தோன்றியது. காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

கின்ஷாசாவில் நடந்தது

இளைஞர் பலருக்கு அலியின் பெயர் தெரியும். நடந்த விவரம் தெரியாது. 1964-இல் உலகப் பட்டத்தை வென்ற கையோடு தம் இஸ்லாமியப் பிணைப்பை அறிவித்தவர் அவர். வியட்நாம் போருக்குச் செல்ல 1967-இல் மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியாமல் இருந்தார். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் இழந்த இளமை திரும்பவில்லை. அதே ஆண்டு ஜோ ஃப்ரேஸியரிடம் தோற்றார். 1973-இல் கென் நார்ட்டனிடம் தோற்றார். அந்தச் சண்டையில் அவருடைய தாடை எலும்பு முறிந்தது.

ஃபோர்மேனோ அப்போது இடிபோல் விழுந்துகொண்டிருந்தார். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர். அலியை வென்ற ஃப்ரேஸியரை 1973 ஜனவரியில் இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்தினார். அலியை வென்ற நார்ட்டனையும் இரண்டாவது சுற்றிலேயே முடித்தார். 40 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காதவர். இந்த நிலையில்தான் 1974 அக்டோபர் 30 அன்று, அப்போது ஸயர் என்று அழைக்கப்பட்ட காங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசாவில் இருவரும் சந்தித்தனர். அலிக்கு வயது 32, ஃபோர்மேனுக்கு 25. அலி உயிரோடு இறங்கினால் போதும் என்று அவருடைய அன்பர்களே அஞ்சினார்கள்.

அலி செய்தது எவரும் எதிர்பாராதது. இரண்டாவது சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்துகொண்டார். முகத்தைக் கைகளால் மறைத்து, ஃபோர்மேனின் குத்துகளை வாங்கிக்கொண்டே இருந்தார். வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்த ஆப்பிரிக்க விடியற்காலையில் ஃபோர்மேன் அடித்தே களைத்தார். எட்டாவது சுற்றின் முடிவில் அலி கயிற்றை விட்டு விலகினார். அடுத்தடுத்த சில குத்துகளில் ஃபோர்மேன் சுழன்று விழுந்தார்.

இரு தரப்பு வாதங்கள்

தோற்றவருக்கு மறுபோட்டி கொடுப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அலி லிஸ்டனோடு இரு முறையும், ஃப்ரேஸியரோடு மூன்று முறையும், நார்ட்டனோடு மூன்று முறையும், ஸ்பிங்ஸோடு இரு முறையும் மோதியவர். ஃபோர்மேனோடு மட்டும் ஒரே முறைதான். தோல்விக்குப் பின் ஃபோர்மேன் ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் முறையான சண்டை எதிலும் இறங்கவில்லை. 1976-இல் திரும்பி வந்து வெற்றிகளைக் குவித்தார். ஆனால் 1977 மார்ச்சில் ஜிம்மி யங் என்பவரிடம் புள்ளிக் கணக்கில் தோற்றதும் மேடையையே துறந்தார். வாசல் அத்தோடு மூடியது.

அலி பக்கம் நிற்கும் இளைஞரின் வாதம் இது: ஃபோர்மேனை வென்ற அதே ஜிம்மி யங்கை 1976-இல் அலி வென்றிருக்கிறார், எனவே அலியே வெல்வார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். ஃப்ரேஸியர் அலியை வென்றார். ஃப்ரேஸியரை ஃபோர்மேன் நசுக்கினார். அப்படியானால் கின்ஷாசாவில் ஃபோர்மேன் அல்லவா வென்றிருக்க வேண்டும்? இந்தத் தராசில் மனிதர்களை நிறுக்க முடியாது. ஒருவருடைய பலம் இன்னொருவருடைய பலவீனத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதே அங்கு கணக்கு.

ஃபோர்மேன் பக்கம் நிற்பவரின் வாதம் வேறு: மணிலாவில் 1975 அக்டோபர் 1 அன்று ஃப்ரேஸியரோடு நடந்த மூன்றாவது சண்டை அலியை உள்ளுக்குள் உடைத்துவிட்டது. பதினான்கு சுற்றுகள் நீடித்த அந்தச் சண்டையை மரணத்துக்கு மிக அருகில் சென்று வந்ததாக அலியே பின்னர் விவரித்தார். அதற்குப் பிறகு அவர் கால்கள் பழைய கால்கள் அல்ல. யங்கோடு பெற்ற வெற்றியும், 1976-இல் நார்ட்டனோடு பெற்ற வெற்றியும் இன்றுவரை சர்ச்சைக்கு உள்ளானவை. ஃபோர்மேனோ அதே ஆண்டில் அவசரப்படாமல் சண்டையிட்டு ஃப்ரேஸியரை மீண்டும் வீழ்த்தினார்.

நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மறுபோட்டி 1975-இன் தொடக்கத்தில் நடந்திருந்தால் அலியே வென்றிருப்பார். ஏனெனில் ஃபோர்மேனின் மனம் அப்போது தோல்வியிலிருந்து மீளவில்லை. மணிலாவுக்குப் பிறகு நடந்திருந்தால் ஃபோர்மேன் வென்றிருப்பார். அலியை நேசிக்கும் நமக்கு இதை எழுதக் கசக்கிறது. ஆயினும் நேசம் சாட்சியத்தை வளைக்கலாகாது என்பதல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்டது!

ஒன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. சண்டை நேர்ந்தாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. இந்த அடிப்படையில், இன்றைய குத்துச்சண்டை மார்க்கத்தில் ஆகுமானதல்ல என்று மக்காவில் உள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை 1987-இல் முடிவு செய்தது. அலியின் வாய்மையையும் துணிவையும் ஈகையையும் நாம் போற்றலாம். அந்தத் தொழிலைப் போற்ற வேண்டியதில்லை. ஆகவே அவருடைய தலையில் இன்னும் ஓர் இரவின் குத்துகள் விழாமல் போனதற்காக அவருடைய அன்பர்கள் மகிழத்தான் வேண்டும்.

மூன்று மோதலும் ஒரு மோதலும்

இப்போது தேநீர்க் கடையில் எவரும் கேட்காத கேள்விக்கு வருவோம். மறுபோட்டி எதைத் தீர்க்கிறது?

அலியும் ஃப்ரேஸியரும் மூன்று முறை மோதினார்கள். முதலாவதில் ஃப்ரேஸியர் வென்றார். பின்னிரண்டில் அலி வென்றார். கணக்கு முடிந்தது என்று நாம் நினைப்போம். முடியவில்லை. சண்டைக்கு முன் விளம்பரத்துக்காக அலி ஃப்ரேஸியரைக் குரங்கோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். அலி வேலை இழந்திருந்த காலத்தில் அவருக்கு ஆதரவாகப் பேசியவர் ஃப்ரேஸியர். அந்தச் சொல்லின் காயம் பல்லாண்டுகள் அவரை விட்டு அகலவில்லை. 2001-இல் ஒரு நாளிதழ் வழியாக அலி வருத்தம் தெரிவித்தார். 2011-இல் ஃப்ரேஸியர் இறந்தபோது நோயுற்ற உடலோடு சென்று இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். மூன்று சண்டைகளாலும் தீராத கணக்கு அது.

ஃபோர்மேனோடு மோதியது ஒரே முறை. தோற்றபின் ஃபோர்மேனும் பல காலம் குமுறினார். கயிறுகள் தளர்த்தப்பட்டிருந்தன என்றார். நடுவர் வேகமாக எண்ணினார் என்றார். தமக்குக் கொடுத்த தண்ணீரில் ஏதோ கலந்திருந்தது என்றார். 'அது மட்டும் அப்படி இல்லாதிருந்தால்...' என்ற நினைப்பே அவருக்கு உணவாக இருந்தது. 1977-இல் யங்கிடம் தோற்ற இரவில், உடைமாற்றும் அறையில் மரணத்தை நேருக்கு நேர் கண்டதுபோன்ற அனுபவம் தமக்கு ஏற்பட்டதாக அவர் பின்னாளில் சொல்லி வந்தார். அதன்பின் பத்து ஆண்டுகள் கையுறை அணியவில்லை. ஹூஸ்டனில் கிறிஸ்தவப் போதகரானார். ஏழைச் சிறுவர்களுக்காக ஓர் இளைஞர் மையம் நடத்தினார். அந்த மையத்துக்குப் பணம் வேண்டியே 1987-இல் மீண்டும் மேடை ஏறினார். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், தம்மைவிட மிக இளையவரான மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி உலகப் பட்டம் பெற்றார். அன்று அவருக்குப் பக்கத்துணையாக நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி. கின்ஷாசாவில் அலியின் பக்கம் நின்ற அதே டண்டி!

அவருடைய மார்க்கம் வேறு. நம் மார்க்கம் வேறு. ஆயினும் பழைய பகையைக் கீழே வைத்த ஒரு மனிதரின் கைகள் எவ்வளவு இலேசாகிவிடுகின்றன என்பதை அவரிடம் காண முடிகிறது.

1997 மார்ச்சில், கின்ஷாசா சண்டையைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றபோது, இருவரும் அந்த விழாவுக்கு வந்திருந்தார்கள். பார்க்கின்ஸன் நோயால் அலியின் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. மேடைப் படிகளில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர் ஃபோர்மேன். உலகம் கேட்ட மறுபோட்டி நடக்கவில்லை. ஆனால் இரண்டாம் சந்திப்பு நடந்தது. அதில் தோற்றவர் எவரும் இல்லை.

தேநீர்க் கடைப் பெரியவர் சொன்னதும் இவ்வகையே. 1980-இன் தொடக்கத்தில் அலி மதராஸுக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், ஜிம்மி எல்லிஸ் என்பவரோடு காட்சிப் போட்டி ஒன்றில் ஆடினார். எல்லிஸ் அலியின் சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், இளமைத் தோழர், 1971-இல் அலியிடம் தோற்றவர். "ரெண்டு பேரும் அடிச்சிக்கிற மாதிரி அடிச்சிக்கிட்டு ஒரே சிரிப்பு தம்பி. சண்டைன்னு போன எனக்கு முதல்ல ஏமாத்தமா இருந்துச்சு" என்றார் பெரியவர். தமிழகம் கண்ட அலியின் மறுபோட்டி அது ஒன்றுதான். அது சிரித்துக்கொண்டே நடந்தது.

நமது நோட்டு

இனி, இதை எழுதக் கடமைப்பட்டோம் என்று சொன்ன காரணம்.

2009-ஆம் ஆண்டில் பக்கத்து ஊர் ஒன்றில், தராவீஹ் தொழுகையின் ரக்அத் எண்ணிக்கை பற்றி ஒரு விவாதம் நடந்தது. திருமண மண்டபத்தில் நாற்காலி போட்டு, வீடியோ எடுத்து, இரு தரப்பும் கிதாபுகளை அடுக்கி வைத்து நடந்த விவாதம். ஒரு தரப்பில் நாம். மறுதரப்பில், நம்மோடு ஒரே மத்ரஸாவில் ஓதி, ஒரே தட்டில் உண்ட தோழர். நாம் எடுத்துவைத்த ஓர் அறிவிப்பின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டார். நமக்கு விடை தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நாவில் வரவில்லை. பக்கங்களைப் புரட்டினோம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த சி.டி. ஊர் ஊராகப் போனது.

அன்றிரவே வீடு திரும்பிக் கிதாபைத் திறந்தால், விடை கண்ணெதிரே இருந்தது. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அடுத்த விவாதத்துக்கென்று எழுதத் தொடங்கினோம். அவர் இதைக் கேட்டால் இது பதில். அதற்கு அவர் இப்படிச் சொன்னால் இது மறுப்பு. நோட்டு நிறைந்தது. மறு விவாதத்துக்கு ஆள் அனுப்பினோம், தேதி அமையவில்லை. ஆண்டுகள் கடந்தன. தொழுதோம், ஓதினோம், ஓதிக்கொடுத்தோம். அந்த நோட்டையும் உள்ளத்தில் சுமந்தே திரிந்தோம்.

2014-இல் அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் ஒரு மாலை அவரைக் கண்டோம். அவரும் நம்மைக் கண்டார். ஸலாம் சொல்லும் முகத்தோடு நம்மை நோக்கி நடந்து வந்தார். நாமோ புறப்படத் தயாராக நின்ற பேருந்தில் ஏறி அமர்ந்துகொண்டோம். அது நம் ஊருக்குப் போகும் பேருந்துகூட அல்ல.

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவுக்குச் செல்லவும் வழியில்லாத நாட்கள் அவை. நோட்டு இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. அதில் உள்ள பதில்கள் சரியானவையே. கேட்க வேண்டியவர்தான் இல்லை.

'ஆல்' என்ற சொல்

துன்பம் நேர்ந்த பின், 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே' என்று சொல்ல வேண்டாம். அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும். அல்லாஹ்வின் விதி, அவன் நாடியதைச் செய்தான் என்று சொல்லுங்கள் என நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: முஸ்லிம்). 'விடை நாவில் வந்திருந்தால்' என்ற அந்த ஒரு 'ஆல்' நம்மைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்டிப் படைத்தது.

அப்படியானால், 'பேருந்திலிருந்து இறங்கியிருந்தால்' என்று இன்று வருந்துவதும் அதே குற்றமா? தவறிப்போன நற்செயலை எண்ணி வருந்தி அவ்வாறு சொல்வது இந்தத் தடையில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். தோல்விக்காக வருந்துவது வேறு. விட்டுப்போன ஸலாமுக்காக வருந்துவது வேறு. முன்னது நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது; பின்னது அடுத்த ஸலாமை விரைவுபடுத்துகிறது.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் வீரர் அல்லர், கோபத்தின்போது தம்மைக் கட்டுப்படுத்துபவரே வீரர் என்பது நாம் குழந்தைகளுக்கு மனனமாக்கும் நபிமொழி (புகாரி 6114). சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது, இருவரில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பதும் அவ்வாறே (புகாரி 6077). தீமையை மிக அழகியதைக் கொண்டு எதிர்கொண்டால் பகைவனும் உற்ற நண்பனாகிவிடுவான் என்பது இறைவாக்கின் கருத்து (41:34). இவற்றையெல்லாம் நாம் மேடையில் பேசியிருக்கிறோம். பேருந்து நிலையத்தில்தான் மறந்துபோனோம்.

நமதூரைச் சுற்றிப் பாருங்கள். வரப்புத் தகராறில் தொடங்கி இரு தலைமுறையாகக் கல்யாணத்துக்கும் மவுத்துக்கும் போகாத குடும்பங்கள். சொத்துப் பங்கில் குறைந்துபோன ஒரு சென்ட்டுக்காக நீதிமன்றத்தில் நிற்கும் உடன்பிறந்தோர். ஜமாஅத் தேர்தலில் தோற்று அடுத்த தேர்தலுக்காகவே காத்திருப்போர். எல்லோருடைய அலமாரியிலும் ஒரு நோட்டு இருக்கிறது. நியாயமான உரிமையை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதைக் கேட்க வழிகள் உண்டு, கேளுங்கள். வழக்கு நடக்கட்டும், ஸலாம் நிற்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

தேநீர்க் கடையில் அன்று மோதிய நண்பர்கள் இருவரும் பேச்சை முறித்துக்கொண்டு, அந்தக் கடைசிப் பத்தில் வெவ்வேறு ஸஃப்பில் நின்று தொழுதார்கள். இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேருந்து நிலையக் கதையைச் சொன்னோம். பெருநாள் தொழுகை முடிந்ததும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். பழக்கத்தால் தழுவினார்களா, மனத்தால் தழுவினார்களா என்பதை அல்லாஹ்வே அறிவான். இன்றும் ஒருவர் அலி என்கிறார். மற்றவர் ஃபோர்மேன் என்கிறார். ஆனால் தேநீருக்கு ஒருவரே காசு கொடுக்கிறார்.

யா அல்லாஹ்! எங்கள் தோழரின் பிழைகளையும் எங்கள் பிழைகளையும் பொறுத்தருள்வாயாக. உயிரோடு இருப்பவர்களுக்கு முந்திக்கொண்டு ஸலாம் சொல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.